அவித்த பீற்றூட்டும் அரை லீற்றர் பியரும்

பியர் ஒரு சாப்பாடு என்று என் புருசன் சொல்லாத நாள் கிடையாது. பியர் பார்லியில் செய்தது, பார்லி தானியம், தானியம் சாப்பாடு, ஆகவே பியர் சாப்பாடு. இதை அவர் சொல்லும் விதத்தில் கேட்கிற யாரும் ஒரு நிமிசம் நம்பித்தான் போவார்கள். நித்தியானந்தனுக்கு வாய் அப்படி. சுவிஸின் லாங்கன்தாலில் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருசமாக எண்ணெய்க் கையோடு நிற்கிற மனிசன், ஆனால் கறுப்புக் கோட்டைப் போட்டுவிட்டால் எந்தக் கொலைகாரனையும் வழக்கில் வென்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வாதத்தில் தோற்பதை மட்டும் அவரால் தாங்கவே முடியாது. கறிக்கு உப்புக் கூட என்று அவர் சொன்னால், நான் ஓம் என்னும்வரை கை கழுவ எழும்ப மாட்டார்.

எனக்கு வாயில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தராசில்தான் நம்பிக்கை. நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். அங்கே ஒவ்வொரு தட்டும் நிறுத்துத்தான் போகும். கிழங்கு நூற்றைம்பது கிராம், மரக்கறி நூற்றிருபது, இறைச்சி தொண்ணூறு. இத்தனை வருசம் நிறுத்தபிறகு வீட்டிலும் கை சும்மா இருக்காது. புருசனுக்குச் சோறு போடுவதென்றாலும் தட்டைத் தராசில் வைத்துத்தான் போடுவேன். எங்கள் மகள் ஹரிஷா மருந்துக்கடையில் தொழில் பழகுகிறவள். அவள்கூட என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"அம்மா, அப்பா என்ன பார்சலோ? நிறுத்து அனுப்புறீங்கள்!"

சிரித்துவிட்டுப் போகட்டும். நிறுத்தால் உண்மை தெரியும் என்பது என் கட்சி.

அவருடைய பியரையும் நான் ஒரு விதத்தில் நிறுத்துக்கொண்டுதான் இருந்தேன். வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்டபின் இரண்டு ரின், அரை லீற்றர் பிடிக்கிற தகர ரின். சனிக்கிழமைகளில் வெறும் ரின்களை நசித்துப் பையில் போட்டு மீள்சுழற்சிச் சேகரிப்பு இடத்துக்குக் கொண்டுபோவது நான். எண்ணுவேன். பதினான்கு இருக்கும். பதினொரு வருசமாக, வாராவாரம், பதினான்கு. ஒன்று கூடியதில்லை, குறைந்ததும் இல்லை. குடிக்கிற மனிசனானாலும் கணக்கான மனிசன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட எனக்கு இருந்தது. இதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு மார்கழியில்தான் அடி விழுந்தது. அவருக்குச் சில மாதங்களாகவே களைப்பு. சோற்றில் பாதி மிஞ்சும், தராசு எனக்குப் பொய் சொல்லாது. இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். எங்கள் டொக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண், மெதுவாகக் கதைப்பவர், எதையும் மறைக்காதவர். இரத்தம் எடுத்தார், ஸ்கான் எடுத்தார், பிறகும் இரத்தம் எடுத்தார். ஈரல் சரியில்லை என்றார். கிருமி எதுவும் இல்லை. மருந்து எதுவும் இவர் பாவிப்பதில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பியர் குடிப்பீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"இரண்டு," என்றார் இவர், கண் இமைக்காமல்.

நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். வாராவாரம் எண்ணுகிறவள் அல்லவா, சாட்சி சொல்லாமல் இருப்பேனோ!

டொக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் கூடுதல்தான், ஆனால் இரண்டு பியரோடு இந்த எண்கள் பொருந்தவில்லை என்றார். வேறு ஏதாவது காரணம் இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் ஈரலுக்குள் ஊசி விட்டுத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தை இருபத்தொன்று, புதன்கிழமை. அதற்கு முதல்நாள் தன்னிடம் வந்து தாள்களை நிரப்ப வேண்டும்.

வேறு காரணம் என்றால் என்ன? அந்தச் சொல்லை டொக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அது என் நெஞ்சுக்குள் கல் மாதிரிக் கிடந்தது. வேலையில் கரட் வெட்டும்போது அழுதேன். வெங்காயமாக இருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கரட்டுக்கு அழுதால் கேட்கத்தானே செய்வார்கள். ஒன்று மட்டும் எனக்குப் பிடிபட்டது: இந்த மனிசன் மூன்று மாதம் பியரை விட்டால், அந்த ஈரல் எதோடு போராடினாலும் கொஞ்சம் மூச்சு விடும். அதைச் சொன்னால் அவருக்கு வாதம் வந்துவிடும்.

"இரண்டு பியரப்பா! டொக்டரே பொருந்தேல்லை எண்டு சொல்லிப்போட்டா. பியரில சத்திருக்கு. நீ அவிச்சுத் தாற அந்தச் சக்கையளைவிடக் கூடச் சத்து!"

இதை அவர் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். சொன்னது பத்மநாதன் அண்ணையின் மகளுடைய பிறந்தநாள் விழாவில். பத்மநாதன் அண்ணைதான் எங்கள் ஊர்த் தமிழ்ப் பாடசாலையை நடத்துகிறவர். பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றத் தலைப்புக் கிடைக்காமல் ஒரு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, பணமா பாசமா என்று எல்லாம் பேசி முடிந்துவிட்டது. நான் அந்தச் சபையில் என்ன செய்தேன்? பேப்பர்த் தட்டை டக்கென்று மேசையில் வைத்தேன்.

"சக்கையோ? என்ர பீற்றூட் சக்கையோ? நூறு கிராமுக்கு நூறு கிராம் வைச்சுப் பாப்பமோ?"

"பாப்பம்! ஆர் பயந்தது?"

பத்மநாதன் அண்ணையின் முகத்தில் லைற் எரிந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தார்.

"பொறுங்கோ, பொறுங்கோ! ஒரு சொல்லும் வீணாக்காதேங்கோ, எல்லாத்தையும் மேடைக்கு வையுங்கோ. உடலுக்குச் சத்துத் தருவது அவித்த பீற்றூட்டா, பியரா? தம்பதிப் பட்டிமன்றம்! அணிக்கு ஒராள். நடுவர் நான்."

பொங்கல் விழாவிலே பியரோ என்று ஒரு தகப்பன் முகம் சுளித்தார். "குடிக்கச் சொல்லேல்லை அண்ணை, நிறுக்கத்தான் சொல்லுறம்," என்று பத்மநாதன் அண்ணை ஒரே போடாகப் போட்டார்.

எனக்கு அந்த இடத்தில்தான் மூளை வேலை செய்தது. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்ப பந்தயமும் இருக்கோணும். நான் வெண்டால் இவர் மூண்டு மாசம் பியரைத் தொடப்படாது. அதுவும் அண்டையிலயிருந்தே."

"நான் வெண்டால்?" என்றார் அவர், மார்பை முன்னுக்குத் தள்ளி.

"நீங்கள் வெண்டால் பியர் எண்ட கதையே நான் இனி எடுக்க மாட்டன். வீட்டிலயும் இல்லை, வெளியிலயும் இல்லை, ஒருத்தரிட்டயும் இல்லை. சாகுமட்டும்."

"கேட்டீங்களோ எல்லாரும்? சாட்சி நீங்கள்!" என்று அவர் சபையைச் சுற்றிக் காட்டினார். அவருக்கு அப்போதே வெற்றி கிடைத்துவிட்ட சந்தோசம்.

அந்த மூன்று கிழமையும் எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் படுக்கையறையில், நான் குசினியில், நடுவில் ஹரிஷா. நடுவர் போட்ட சட்டம் ஒன்று: சத்துக் கணக்குகள் இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணையிலிருந்து வர வேண்டும். அதை ஹரிஷா எடுத்து இரண்டு பிரதி அடித்துத் தந்தாள். படித்தேன், படித்தேன், பேருந்தில் படித்தேன், வேலையில் மரக்கறி அவிக்கிற ஸ்டீமருக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். அவித்த பீற்றூட் நூறு கிராமில் நாற்பத்து நான்கு கலோரி. பியர் நூறு கிராமில் நாற்பத்து மூன்று! அதைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் ஹரிஷா ஓடிவந்தாள். ஒரு கலோரிதான் வித்தியாசம். ஆனால் அந்த நாற்பத்து நான்கில் மாச்சத்து இருக்கிறது, நார் இருக்கிறது, கொஞ்சம் புரதம் இருக்கிறது. அந்த நாற்பத்து மூன்றில் பெரும்பகுதி வெறும் அற்ககோல். கிட்டத்தட்ட ஒரே நிறை, ஒரே கலோரி, உள்ளே வேறு சாமான்! இவ்வளவு காலமும் இது தெரியாமல் இரண்டையும் ஒரே மேசையில் வைத்திருக்கிறேனே என்று இருந்தது.

படுக்கையறைக்குள் இருந்தும் இடைக்கிடை ஒரு சத்தம் வரும். "ஆ! நயசின்!" என்று. அவருக்கும் ஏதோ கிடைத்திருக்கிறது என்று நான் என் தாளை முதல் வரியிலிருந்து திரும்பப் பிடிப்பேன். உண்மையைச் சொன்னால் கலியாணம் கட்டின புதிதில்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு கலகலப்பு இருந்ததில்லை. சாப்பிடும்போது ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிப்போம். பிறகு எனக்கு ஆஸ்பத்திரித் திகதி ஞாபகம் வரும். சோறு இறங்காது. வெல்ல வேண்டும், எப்படியும் வெல்ல வேண்டும் என்று திரும்பவும் தாளை எடுப்பேன்.

தை பதினேழு, சனிக்கிழமை. வெளியே பனி, மண்டபத்துக்குள் முந்நூறு பேர். பிள்ளைகளின் நடனம் முடிந்து, பொங்கலும் வடையும் முடிந்து, பின்னேரம் மூன்று மணிக்கு எங்களை ஏற்றினார்கள். அவர் கறுப்புக் கோட்டு. நான் பீற்றூட் நிறத்துச் சேலை, வேண்டுமென்றேதான் கட்டினேன். நேரம் பார்த்து மணி அடிக்கிற வேலை ஹரிஷாவுக்கு. நடுவில் பத்மநாதன் அண்ணை சால்வையோடு.

முதலில் நான். நூறு கிராமுக்கு நூறு கிராம் வைத்தேன். பொற்றாசியம்: பீற்றூட் முந்நூற்றைந்து மில்லிகிராம், பியர் இருபத்தேழு. நார்ச்சத்து: பீற்றூட் இரண்டு கிராம், பியர் சைபர். இரும்பு பியரில் தேடினாலும் கிடைக்காது. இரத்தத்துக்கு வேண்டிய போலிக் அமிலம்: பீற்றூட்டில் எண்பது மைக்கிரோகிராம், பியரில் ஆறு. "எண்பது எங்க, ஆறு எங்க!" என்று கேட்டபோது பெண்கள் பக்கம் கைதட்டல் கூரையைத் தூக்கியது. என் கூட வேலை செய்கிற பரமேஸ்வரி எழும்பி நின்று விசிலடித்தாள்.

அவர் எழும்பினார். ஒரு சிரிப்பு, ஒரு கும்பிடு, கோட்டை ஒரு இழுப்பு. எனக்கே அவரைப் பார்க்க ஆசையாக இருந்தது.

"நடுவர் அவர்களே! நயசின் என்றொரு சத்து உண்டு. அதில் பியர் முன்னுக்கு நிற்கிறது. விற்றமின் பீ பன்னிரண்டு பீற்றூட்டில் அறவே கிடையாது, பியரில் கொஞ்சமேனும் உண்டு. எதிரணித் தலைவி இவற்றை ஏன் சொல்லவில்லை? சரி, அதை விடுவோம். எண்பது எண்பது என்கிறாரே, அந்த எண்பது எங்கே போகிறது என்று பாருங்கள்!"

பின்னால் திரையில் ஒரு படம் விழுந்தது. முழுக்க இரத்தச் சிவப்பு. மண்டபம் திடுக்கிட்டது.

"இது கொலை நடந்த இடமில்லை. எங்கட வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவுகிற சிங்! பீற்றூட்டை அவித்து, சத்தையெல்லாம் தண்ணியோடு இதற்குள் ஊத்திவிட்டு, சக்கையை எனக்குப் போடுகிறா என் மனைவி!"

ஆண்கள் பக்கம் கதிரைகள் ஆடின. பாவி மனிசன், நான் சமைக்கும்போது ஒளித்து நின்று போனில் எடுத்திருக்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் நான் அந்தத் தாளை எத்தனை தரம் படித்தவள்! மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"நடுவர் அவர்களே, அட்டவணையில முதல் வரியை வாசியுங்கோ."

பத்மநாதன் அண்ணை கண்ணாடியை மாட்டி வாசித்தார். "பீற்றூட். அவித்து, தண்ணீர் வடித்தது."

"வடித்தது! அந்த எண்பதும் தண்ணியை வடிச்ச பிறகு மிஞ்சின எண்பது. இவர் படமெடுத்த சிவப்புத் தண்ணி கணக்கிலயே இல்லை!"

இந்தமுறை பிள்ளைகளும் கத்தினார்கள். அவருடைய முகத்தில் ஒரு தசை துடித்தது. அது எனக்குத் தெரிந்த தசை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் மட்டும் துடிப்பது. மூன்று மாதம், மூன்று மாதம் என்று என் நெஞ்சு அடித்தது.

அவர் விடுகிற ஆளா?

"நூறு கிராம் பியரை ஆர் குடிக்கிறது நடுவர் அவர்களே? அது ஒரு மிடறு! நாள் முழுக்க வயிற்றுக்குள் போவதைக் கணக்கெடுங்கள். நான் குடிப்பது இரண்டு ரின், ஒரு லீற்றர். ஆறு பத்துத் தரம் அறுபது மைக்கிரோகிராம். இவ தருகிற பீற்றூட் இரண்டு கரண்டி!"

"இருநூறு கிராம்!" என்று நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். "நிறுத்துத்தான் போடுறனான். முந்நூறு பேருக்கும் தெரியும் நான் நிறுக்கிறது. இருநூறு கிராமில நூற்றியறுபது. உங்கட ரெண்டு ரின்னில அறுபது. நூற்றியறுபது கூடவோ, அறுபது கூடவோ?"

"நூற்றியறுபது!" என்று மண்டபம் கத்தியது.

அவர் மேசைக்குக் குனிந்து துண்டுத்தாளில் எதையோ கிறுக்கினார். ஹரிஷாவின் கை மணியில் இருந்தது, இன்னும் அரை நிமிசம்தான். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"இரண்டு ரின் என்று ஆர் சொன்னது? ஒரு ரின்னுக்கு முப்பது. வேலை முடிந்து ஸ்டேசன் வாங்கிலில் குந்தியிருந்து இரண்டு. வீட்டுக்கு வந்து கெலருக்குள் இரண்டு. மேலே ரீவிக்கு முன்னால் இரண்டு. ஆறு! ஆறு முப்பது நூற்றியெண்பது! நூற்றியறுபதை வென்றதா இல்லையா?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஆட்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். வெல்வதற்காக மனிசன் எப்படி அளக்கிறான் பார் என்று அவர்களுக்கு. மணி அடிக்கவில்லை. நான் ஹரிஷாவைப் பார்த்தேன். மணி கையில் இருந்தது, அவள் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளக்கிற மனிசன் ஆறு என்று சொல்லிவிட்டுப் போவான். ஸ்டேசன் வாங்கில் என்று சொல்ல மாட்டான். எங்கள் கட்டடத்து அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கெலர் உண்டு, பழைய சாமான் போட்டுப் பூட்டுகிற அறை. அதன் திறப்பு அவரிடம்தான் இருக்கும். காரின் குளிர்காலச் சில்லு, சைக்கிள், அதுஇது என்று தினமும் பத்து நிமிசம் இறங்கிப் போய்வருவார். பதினொரு வருசமாகப் போய்வருகிறார்! நான் எண்ணியது மேலே வந்த பதினான்கை மட்டும்.

சொல்லி முடித்தபின்தான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. கை மேசையைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு என்ன வந்தது என்று சொல்கிறேன். முதலில் கோபம், பாய்ந்து அந்தக் கோட்டைப் பிடிக்கிற கோபம். ஊசி விட்டுத் துண்டு எடுக்கும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க இருந்தானே! நான் கரட்டுக்கு அழுதேனே! அந்தக் கோபம் முடிய முதலே அதற்குக் கீழே இருந்து ஒரு சந்தோசம் குபீரென்று வந்தது. அப்படியென்றால் வேறு காரணம் இல்லை! பேர் சொல்லாத அந்த வியாதி இல்லை! டொக்டரின் எண்கள் பொருந்தாமல் போனது ஈரலின் பிழை இல்லை, இவர் சொன்ன இரண்டின் பிழை! எனக்கு மேடையில் துள்ள வேண்டும் போல இருந்தது.

நடுவர் எனக்குக் கடைசி ஒரு நிமிசம் தந்தார். என்னிடம் பதில் இருந்தது. ஆறு ரின்னில் நூற்றிருபது கிராம் அளவில் அற்ககோல் இருக்கிறது, அதை வைத்தே அவரைக் கிழித்திருக்கலாம். ஆனால் நான் அடித்தால் அவர் சிரிப்பார், சும்மா பகிடிக்குச் சொன்னேன் என்பார், அந்த ஆறு இந்த மண்டபத்தோடு போய்விடும். செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் திரும்பவும் இரண்டு என்பார்.

மைக்கைக் கையில் எடுத்தேன்.

"நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் சொன்ன ஆறு உண்மையெண்டால் நான் தோத்திட்டன். பகிடிக்குச் சொன்னதெண்டால் அவர் தோத்திட்டார். உண்மையோ பகிடியோ? அதை மட்டும் அவர் சொல்லட்டும்."

மண்டபம் ஓ என்று ஆரவாரித்தது. அவர்களுக்கு இது இன்னொரு விளையாட்டு. மேடையில் அவரும் நானும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பகிடி என்றால் தோற்பார், மூன்று மாதம் பியர் இல்லை. உண்மை என்றால் வெல்வார், ஆனால் ஆறு ஆறாகவே நிற்கும். எப்படிச் சொன்னாலும் எனக்கு ஒன்று மிஞ்சும். அவருக்கும் அது விளங்கியது. அவர் என்னையும் ஹரிஷாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உண்மை," என்றார். கோட்டுக்காரரின் குரல் இல்லை. வீட்டில் காய்ச்சலோடு கிடக்கும்போது தண்ணீர் கேட்கிற குரல்.

ஹரிஷா மணியை அடித்தாள்.

பத்மநாதன் அண்ணை கணக்கை இரண்டு தரம் கூட்டிப் பார்த்து, வாதம் வந்து நின்ற போலிக் அமிலத்தில், நாள் கணக்கில் நூற்றியெண்பது நூற்றியறுபதை விடக் கூட என்று பியர் அணிக்கே தீர்ப்பு வழங்கினார். வெற்றிக் கேடயத்தை அவர் வாங்கும்போது நான்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினேன். பரமேஸ்வரி என்னை விசர் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அதன்பிறகு வந்த இரண்டு நாளும் வேடிக்கை. நான் பியர் என்ற கதையே எடுக்கவில்லை. வாக்கு என்றால் வாக்கு. அவர் கெலருக்கு இறங்கினார், பார்க்காததுபோல இருந்தேன். ஏறி வந்தார், "சாப்பிடுவமோ?" என்று கேட்டேன். திட்டு விழும் விழும் என்று தோளைத் தூக்கிக்கொண்டே திரிந்தார். விழவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னப்பா, ஒண்டும் கேக்காமல் இருக்கிறாய்?"

"நான் தோத்தனான். கதைக்கேலாது," என்றுவிட்டு வெங்காயம் வெட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை டொக்டருக்கு முன்னால் இருந்தோம். ஆஸ்பத்திரித் தாள்கள் மேசையில். டொக்டர் ஒவ்வொரு கேள்வியாக நிரப்பிக்கொண்டு வந்தார். ஒவ்வாமை, பழைய சத்திரசிகிச்சை, புகைத்தல். பிறகு நிமிர்ந்தார்.

"மது? அதே இரண்டு பியர்தானே?"

இவர் என் பக்கம் திரும்பினார்.

"சிவகலா, நீ சொல்லன்."

என் நாக்கில் நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு ஊசி இல்லை. ஆனால் நான் சொன்னால் அது என் கணக்கு, அவர் அதோடு வாதாடுவார். அவர் சொன்னால் அது அவருடைய கணக்கு. நான் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு சுவரில் இருந்த ஈரல் படத்தைப் பார்த்தேன்.

"ஏலாது. முந்நூறு பேருக்கு முன்னால வாக்குக் குடுத்தனான்."

டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பேனை அந்தக் கட்டத்துக்கு மேல் நின்றது. இவர் ஜாக்கற் பைக்குள் கையை விட்டு ஒரு துண்டுத்தாளை எடுத்து, விரித்து, மேசையில் வைத்தார். மேடையில் கிறுக்கிய அதே தாள். ஆறு தரம் முப்பது, நூற்றியெண்பது.

"ஆறு," என்றார் ஜெர்மனில். "ஒவ்வொரு நாளும் ஆறு. பதினொரு வருசம்."

டொக்டர் தாளை எடுத்துப் பார்த்தார். நூற்றியெண்பது என்ன என்று கேட்டார். போலிக் அமிலம் என்றார் இவர். பீற்றூட்டை இருபது மைக்கிரோகிராமால் வென்றதையும், சிங்கின் படத்தையும், கேடயத்தையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. டொக்டர் சிரிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரித் தாள்களை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

ஊசி இப்போதைக்குத் தேவையில்லை என்றார். ஆறு என்றால் எண்கள் பொருந்துகின்றன. முற்றாக விட வேண்டும், ஆனால் இந்தளவு குடித்தவர் தன்பாட்டில் சட்டென்று விடக்கூடாது, தான் சொல்லும் முறையில், தன் மேற்பார்வையில் விட வேண்டும். கிழமைக்கு ஒருதரம் வர வேண்டும். இந்த ஈரல் இன்னும் திரும்பி வரக்கூடிய ஈரல் என்று தான் நம்புவதாகச் சொன்னார்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். டொக்டர் பயந்துபோய்க் கடதாசி நீட்டினார். சந்தோசத்தில் அழுகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் போட்டுச் சொன்னேன். "இதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?" என்று கேட்டார். "எனக்குத் தடை," என்றேன். டொக்டருக்கு விளங்கவில்லை.

வெளியே வந்தோம். வெயில், பனி கண்ணைக் கூசியது. படியிறங்கி நாலு அடி வைத்தபிறகு அவர் நின்றார்.

"சிவகலா, அந்த வாக்கைத் திருப்பி எடு. இனி நீ கதைக்கலாம்."

"உண்மையாவோ?"

"ஓம். கதை."

தொடங்கினேன்! டொக்டரின் வாசலில் தொடங்கி, பெரிய தெருவெல்லாம், பதினொரு வருசத்து நாலாயிரம் நாளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தொடங்கினேன். ஸ்டேசன் வாங்கிலைக் கடக்கும்போது அதற்குத் தனியாக, கரட்டுக்கு அழுத கண்ணீருக்குத் தனியாக. நாய் பிடித்துக்கொண்டு போன ஒரு சுவிஸ் கிழவர் வழி விட்டு ஒதுங்கினார். வாதத்தில் ஊரையே வெல்லுகிற மனிசன், ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. தலையாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வந்தார். எங்கள் கட்டடத்து வாசலுக்கு வந்தபோது நான் மூன்றாம் வருசத்தில்தான் நின்றேன்.

கதவைத் திறக்க முன்னம் அவர் கெலர்த் திறப்பைக் கோர்வையிலிருந்து கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"மிச்சத்தை மேல போய்ச் சொல்லு," என்றார். "நான் கேக்கிறன்."